வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டால் முதலில் நிறுத்த வேண்டியது கால்களை

முதல் நாள் நாலைந்து கோழிகள் தீவனத்தைத் தொடாமல், சிறகைத் தொங்கவிட்டு ஓரமாக ஒடுங்கி நிற்கும். மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். முட்டைக் கோழிகளாக இருந்தால் முட்டை சட்டென்று குறையும். ஓடு இறுகாத தோல் முட்டைகள் விழும். ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள், கால்நடை மருத்துவர்கள் ராணிக்கெட் நோய் என்பார்கள். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட நோய் இது. நம் நாட்டில் இமயமலையில் உள்ள ராணிக்கெட் ஊரின் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது.

ஒரே வைரஸ்தான், ஆனால் அதன் ஒரு வகை லேசான சளியோடு போய்விடும், இன்னொரு வகை ஷெட்டையே காலி செய்யும். ஏன்? வைரஸின் மேல்பரப்பில் ஒரு புரதம் இருக்கிறது. கோழியின் செல்லோடு இணைந்து உள்ளே நுழைய உதவுவது அதுதான். ஆனால் உருவாகும்போது அது முடிச்சுப் போட்ட நிலையில்தான் இருக்கும். கோழியின் உடம்பில் உள்ள ஏதாவது ஒரு நொதி அதை ஓர் இடத்தில் வெட்டிவிட்டால்தான் வேலை செய்யும். சாதுவான வகைகளில் அந்த இடத்தை வெட்டத் தெரிந்த நொதிகள் மூச்சுக்குழலிலும் குடலிலும் மட்டுமே உண்டு. அதனால் அவை அங்கேயே பெருகி அங்கேயே அடங்குகின்றன. கொடிய வகைகளில் அந்த இடத்தின் அமைப்பு சற்று மாறியிருக்கும். ஏறக்குறைய எல்லா செல்களிலும் இருக்கிற ஃபியூரின் என்ற நொதியே அதை வெட்டிவிடும். அப்புறம் மூளை, குடல், கருப்பை எதுவும் மிச்சமில்லை. ஒரு புரதத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியதால் வந்த வினை இவ்வளவும்.

நாம் சொட்டு மருந்தாக விடும் எஃப், லசோட்டா தடுப்பு மருந்துகள் அந்தச் சாதுவான வகைகள்தான். உயிருள்ள வைரஸைத்தான் கண்ணிலும் மூக்கிலும் விடுகிறோம். அது தொண்டையில் கொஞ்சம் பெருகி, எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிட்டுப் போகும். உயிருள்ளது என்பதால்தான் அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கச் சொல்கிறார்கள். குடிநீரில் கலந்து கொடுக்கும்போது குளோரின் கலந்த தண்ணீர் அதைக் கொன்றுவிடும். கொழுப்பு நீக்கிய பால் பவுடரை முதலில் தண்ணீரில் கலக்கச் சொல்வது இதற்காகத்தான். மருந்து போட்டும் நோய் வந்துவிட்டது என்று புலம்பும் பண்ணைகளில், வெயிலில் கொண்டுவந்த குப்பியையும் தண்ணீரையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

சரி, நோய் வந்தேவிட்டது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. பின்னால் வரும் பாக்டீரியாத் தொற்றுக்கு மட்டும், மருத்துவர் சொன்னால் உதவும். முதல் வேலை மருத்துவரைக் கூப்பிடுவது. காரணம், கண்ணால் பார்த்து இதையும் பறவைக் காய்ச்சலையும் பிரித்துச் சொல்ல முடியாது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக இந்தியாவில் உறுதியானது. அதற்கான நடவடிக்கைகளே வேறு. மாதிரி போபாலில் உள்ள கால்நடை நோய் ஆய்வகம் வரை போக வேண்டியிருக்கலாம். முடிவு வரும்வரை ஒரு கோழியும் வெளியே போகக்கூடாது.

அடுத்தது கால்கள். எச்சத்திலும் மூச்சுக்காற்றிலும் வெளியேறும் வைரஸ் ஒரு ஷெட்டிலிருந்து அடுத்த ஷெட்டுக்குப் பெரும்பாலும் நம்மோடுதான் போகிறது. செருப்பு, தீவனச் சாக்கு, முட்டை அட்டை, லாரி டயர், தடுப்பூசி போட வரும் ஆட்களின் கைகள். நோய் வந்த ஷெட்டுக்குத் தனி ஆள், தனிச் செருப்பு, தனி வாளி. ஆள் பற்றாக்குறை என்றால் குஞ்சு ஷெட், ஆரோக்கியமான ஷெட், கடைசியில் நோய் ஷெட் என்ற வரிசையில் வேலை செய்யுங்கள், திரும்பி நடக்காதீர்கள். அட்டை டிரேக்களை மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டாம்.

இந்த நேரத்தில் தடுப்பூசி போடலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. தொற்று ஏற்கெனவே ஏறிய கோழியை அது காப்பாற்றாது. எதிர்ப்பு சக்தி உருவாக ஒரு வாரமாவது வேண்டும். நோய் எட்டாத ஷெட்டுகளுக்குப் போடுவதில் பலன் உண்டு, ஆனால் தொலைவிலுள்ள ஷெட்டிலிருந்து தொடங்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தடுப்பூசி நோயைத் தடுக்கிறதே தவிர, தொற்றை முழுக்கத் தடுப்பதில்லை. நன்றாக மேய்ந்துகொண்டிருக்கும் கோழியும் வைரஸை வெளியே விட்டுக்கொண்டிருக்கலாம். ஊசி போட்டாச்சு என்று வாசல் கதவைத் திறந்துவிடுவது ஆபத்து என்பது அதனால்தான்.

வைரஸின் வெளி உறை கொழுப்பாலானது. ஆகவே சோப்புத் தண்ணீரே அதைக் குலைத்துவிடும், பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கொல்லும். ஆனால் எச்சம் படிந்த தரையில் மருந்து தெளிப்பது வீண், எச்சம் மருந்தைத் தின்றுவிடும். முதலில் சுரண்டி எடுத்துக் கழுவ வேண்டும், பிறகுதான் தெளிப்பு. அள்ளிய எருவைக் குவித்து மூடி வைத்தால் உள்ளே எழும் சூடே பாதி வேலையைச் செய்யும். 56 டிகிரியில் 3 மணி நேரம் இருந்தால் இந்த வைரஸ் செயலிழக்கும். செத்த கோழிகளை ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

ஊரில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள், வறுமையால். தலை தொங்கிய கோழி செத்துப்போகும் முன் அறுத்துக் குழம்பு வைத்துவிடுகிறார்கள், அல்லது அவசரமாகச் சந்தையில் விற்கிறார்கள். வெந்த கறியால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் குப்பைமேட்டில் வீசிய இறகையும் குடலையும் பக்கத்து வீட்டுக் கோழி போய்க் கிளறும். சந்தையில் விற்ற கோழி நாலு ஊர் தள்ளி இன்னொரு கூட்டத்தோடு அடையும்.