பழைய பிக்கப்பின் கிரில்: குரோம் பிளாஸ்டிக்கை எப்படிப் பிடித்துக்கொள்கிறது?

டெக்சாஸில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "1990-களில் வந்த ஷெவர்லே பிக்கப் வைத்திருக்கிறேன். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. முன்பக்க கிரில்லில் மட்டும் குரோம் உரிந்து பார்க்கவே சகிக்கவில்லை. புது கிரில் கட்டுப்படியாகாது. கடையில் விற்கும் ஸ்பிரே டப்பாவை வாங்கிக் கறுப்பு அடித்தால் நிற்குமா?"

தாராளமாக நிற்கும். ஆனால் அதைத் தீர்மானிப்பது பெயின்ட்டின் விலை அல்ல, பெயின்ட்டைக் கையில் எடுப்பதற்கு முன் நீங்கள் செய்யும் வேலை. ஏன் என்று புரிய வேண்டுமானால், அந்தக் குரோம் இத்தனை வருஷம் வெயிலிலும் மழையிலும் எதைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் விஷயங்களில் இது ஒன்று.

கிரில்லை விரலால் தட்டிப் பாருங்கள். உலோகச் சத்தம் வராது. கழற்றித் திருப்பினால், பின்பக்கத்தில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று பொடி எழுத்தில் வார்த்திருப்பார்கள். குரோம் பூசிய கிரில் என்றால் அநேகமாக ஏபிஎஸ்தான். அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்ற மூன்று மூலப்பொருள்களின் கூட்டு அது.

மின்முலாம் பூசப் பொருளில் மின்சாரம் ஓட வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்போம். பிளாஸ்டிக்கில் ஓடாது. அதைவிடப் பெரிய சிக்கல், உலோகமும் பிளாஸ்டிக்கும் தாமாக ஒட்டிக்கொள்வதில்லை. வெயில் பட்டால் ஏபிஎஸ், நிக்கலைவிட ஐந்து மடங்குக்கும் மேல் விரியும். ஒட்டினாலும் நாலு கோடையில் பிய்ந்துவிட வேண்டும். பிய்யாமல் இருக்கக் காரணம் பியூட்டாடையீன்.

ஏபிஎஸ்ஸில் பியூட்டாடையீன் தனித்தனி ரப்பர் உருண்டைகளாக, கெட்டியான பிளாஸ்டிக்குக்குள் சிதறிக் கிடக்கும். ஓர் உருண்டையின் அளவு ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அல்லது அதற்கும் குறைவு. அடி விழுந்தால் உடையாமல் இருக்கத்தான் அந்த ரப்பரைச் சேர்த்தார்கள். முலாம் பூசுபவர்களுக்கு அது வேறு விதமாகப் பயன்பட்டது. கிரில்லை 60, 70 டிகிரிச் சூட்டில் குரோமிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த தொட்டியில் சில நிமிடம் முக்கி எடுப்பார்கள். ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை அமிலம் தேடிப்பிடித்துத் தாக்கும். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கை அவ்வளவாகத் தொடாது. மேற்பரப்பில் இருக்கும் ரப்பர் உருண்டைகள் கரைந்து போக, அவை இருந்த இடமெல்லாம் குழியாகும். சாதாரணக் குழி இல்லை. உருண்டையின் மேல்முனைதானே வெளியே தெரிந்தது? அதனால் வாய் சிறுத்து வயிறு பெருத்த குடம் போன்ற குழி. அதற்குள் உலோகம் நிரம்பிவிட்டால், பிறகு வெளியே வர வழியே கிடையாது.

சரி, மின்சாரம் ஓடாத குழிக்குள் உலோகம் எப்படிப் போகும்? முதலில் பல்லேடியத்தின் நுண்துகள்களை மேற்பரப்பில் தூவுவது போல ஒரு கரைசலில் முக்குவார்கள். அடுத்து நிக்கல் உப்பும் ஹைப்போபாஸ்பைட்டும் கலந்த தொட்டி. பல்லேடியம் இருக்கும் இடத்தில் ஹைப்போபாஸ்பைட் எலெக்ட்ரான்களைக் கொடுக்க, நிக்கல் அயனிகள் அவற்றை வாங்கிக்கொண்டு உலோகமாகப் படியும். இதில் அழகு என்னவென்றால், படிந்த நிக்கலே அடுத்த நிக்கலுக்கு வினையூக்கி ஆகிவிடும். ஒயர் இல்லை, பேட்டரி இல்லை. கரைசல் எங்கெல்லாம் புகுந்ததோ அங்கெல்லாம், அந்தக் குழிகளின் அடிவயிறு வரைக்கும், நிக்கல் தானாக வளரும்.

இதை யாரும் திட்டம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய ஆய்வகத்தில் ஏப்னர் பிரென்னரும் கிரேஸ் ரிடெலும் குழாய்களுக்குள் மின்முலாம் பூசிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு ஒரு காரணத்துக்காக ஹைப்போபாஸ்பைட் சேர்த்தபோது, செலுத்திய மின்சாரத்தால் படிந்திருக்கக்கூடிய அளவைவிட அதிக நிக்கல் படிந்திருந்தது. அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்று விடாமல் துருவி, 1946-இல் வெளியிட்டார்கள். "இதனால் என்ன லாபம்" என்று முதல் நாளே கேட்கும் நிதிக் குழுக்கள் இந்தக் கதையை ஒரு முறை படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நிக்கல் படலம் வந்ததும் மின்சாரம் ஓட வழி கிடைத்துவிட்டது. அப்புறம் வழக்கமான மின்முலாம்தான்: செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியில் குரோமியம். எல்லாம் சேர்ந்து சுமார் 30 மைக்ரான். அதில் நம் கண்ணுக்குத் தெரியும் குரோமியம் கால் மைக்ரான் அளவுக்குத்தான்.

அந்தக் கால் மைக்ரானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கும். நெடுஞ்சாலையில் கல் தெறித்து இன்னும் கொஞ்சம் வரும். அந்த வழியாக ஈரமும் உப்பும் இறங்கும். குரோமியத்துக்கு ஒன்றும் ஆகாது, அடியில் இருக்கும் நிக்கலும் செம்பும் அரிக்கும். கொப்புளம் கிளம்பும், ஓர் ஓரம் தூக்கும், பிறகு தகடாக உரியும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள். அங்கே ஓடிய வண்டிகளில் இது சீக்கிரமே வந்துவிடும்.

இப்போது உங்கள் ஸ்பிரே டப்பாவுக்கு வருவோம். மிச்சமிருக்கும் குரோமின் மேல் அந்தக் குழிகள் எதுவும் இல்லை, வழவழவென்று இருக்கிறது. அப்படியே பெயின்ட் அடித்தால் அதற்குப் பிடிமானம் கிடையாது, நகத்தால் கீறினாலே வந்துவிடும். தொழிற்சாலை அமிலத்தால் செய்ததை நீங்கள் உப்புத்தாளால் செய்ய வேண்டும். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பால் கிரில்லைத் தேய்த்துக் கழுவி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் மெழுகையும் எண்ணெயையும் துடைத்துவிடுங்கள். மெழுகோடு தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அசிட்டோன் மட்டும் வேண்டாம். ஏபிஎஸ் அதில் கரைந்துவிடும்.

தூக்கி நிற்கும் குரோமை முழுக்கச் சுரண்டி எடுங்கள். கையுறை கட்டாயம், அதன் ஓரம் கையைக் கிழித்துவிடும். பிறகு 320 எண் உப்புத்தாளில் தண்ணீர் விட்டு, பளபளப்பு போய் மங்கும் வரை தேய்க்க வேண்டும். குரோம் முடிந்து பிளாஸ்டிக் தொடங்கும் விளிம்பில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். 30 மைக்ரான் படிதானே என்று விட்டால், கறுப்பு அடித்த பிறகு சாய்வான வெயிலில் அந்தக் கோடு அப்படியே தெரியும். விரலை ஓட்டிப் பார்க்கும்போது படி தட்டுப்படக் கூடாது. உலோகம் தெரியும் இடத்துக்கு உலோகத்துக்கான பிரைமர், வெறும் பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் பிரைமர். அதன்மேல் கறுப்பை ஒரே தடவையில் அப்பாமல், மெல்லிய பூச்சாக நான்கைந்து முறை அடியுங்கள். எல்லாமே டப்பாக்களும் தாளும்தான், புது கிரில்லின் விலையில் சிறு பங்குக்குள் முடிந்துவிடும்.

குரோம் உரியாமல் நன்றாக இருந்து, நிறம் மட்டும் மாற்ற வேண்டும் என்றால் உரித்தெடுக்கக்கூடிய ரப்பர் பூச்சு போதும். பிளாஸ்டி டிப் அந்த வகை. அது வழவழப்பான பரப்பை லேசாகத்தான் பிடிக்கும், ஆனால் தனக்குள் இறுக்கமாகப் பிணைந்திருக்கும். அதனால்தான் வேண்டாதபோது முழுத் தோலாக உரிக்க முடிகிறது. கஞ்சத்தனமாக அடித்தால் அந்தப் பிணைப்பு போதாமல், உரிக்கும்போது துண்டு துண்டாக வரும்.

கறுப்பு கிரில் எஞ்சினைச் சூடாக்கும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். வெப்பத்தை எடுத்துப் போவது ரேடியேட்டருக்குள் பாயும் காற்று, கிரில்லின் நிறத்துக்கு அதில் வேலை இல்லை. காற்று வழியை அடைத்தால்தான் ஆபத்து. அழகுக்காகப் பின்னால் வலை வைப்பதானால் கண்கள் பெரிதாக இருக்கும் வலையாகப் பாருங்கள்.

தொழிற்சாலையில் குழி போட உதவும் அந்த அமிலத்தில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. (உங்கள் கிரில்லில் இருப்பது உலோகக் குரோமியம், அது வேறு. இருந்தாலும் தூசி பறக்காமல் ஈரமாகவே தேய்ப்பது நல்லது.) ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, இதே ஆறு இணைதிறன் குரோமியம் கலந்த கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். அது நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்தது என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பெர்மாங்கனேட்டைக் கொண்டு குழி போடும் மாற்று முறைகள் உலகெங்கும் முயற்சியில் இருக்கின்றன. அழகப்ப செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் நம்மிடம் இருக்கிறது. இப்படிப்பட்ட வேலைக்கு அங்கே பணம் தாராளமாகப் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஒரு மணி நேரத்தில் காயும் என்று டப்பாவில் போட்டிருந்தால், அது தொட்டால் ஒட்டாத நிலையைத்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் கரைப்பான் முழுக்க வெளியேறிப் படலம் இறுக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும் கார்வாஷ் பக்கம் வண்டியை விடாதீர்கள்.