மூட்டுவலி மாத்திரையும் பிரஷர் மாத்திரையும்

மருந்துக்கடையில் நிற்கும் என் கைக்கு அடிக்கடி வருவது பழைய சீட்டு. மடித்து மடித்து ஓரம் கிழிந்திருக்கும். அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாள் என்று டாக்டர் தெளிவாகவே எழுதியிருப்பார். தேதி போன வருஷத்தது. "முட்டிவலிக்கு இதுதான் தம்பி கேக்குது, ஒரு அட்டை குடு" என்பார்கள்.

கேட்கத்தான் செய்யும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் எல்லாம் நல்ல மருந்துகள். வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உடலில் உருவாவதைக் குறைக்கின்றன. ஆனால் இரைப்பைச் சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயைத் தேவைப்படும்போது விரித்துக்கொடுப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான்.

வயிற்றுப்புண் வரும் என்பது பலருக்கும் தெரியும். சிறுநீரகத்தைத்தான் யாரும் நினைப்பதில்லை. முட்டிவலிக்காரர்களில் பலர் பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள். டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த பிரஷர் மாத்திரையை உதாரணமாகப் பாருங்கள். முதலாவது, சிறுநீரக வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்தும். இரண்டாவது, உப்பையும் நீரையும் சிறுநீரில் இறக்கும். தனியாக இருக்கும்வரை பிரஷருக்கு நல்லதுதான். இதன்மேல் வலி மாத்திரை விழுந்தால் ரத்தம் உள்ளே வரும் குழாய் சுருங்கி, வடிகட்டியில் அழுத்தம் குறைந்துவிடும். அந்த நேரம் பார்த்து வாந்தி, பேதி வந்தால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் சட்டென்று ஏறும். வலிக்காது என்பதால் ரத்தப் பரிசோதனை செய்யும்வரை தெரியவும் தெரியாது.

எங்கள் தொழிலிலும் தப்பு இருக்கிறது. அட்டையை வெட்டி, பேர் தெரியாமல் நாலு மாத்திரையைக் கவரில் போட்டு 'செட்' என்று கொடுக்கிறார்களே, அதில் பெரும்பாலும் இந்த வலி மாத்திரைகளில் ஒன்று இருக்கும். என்ன சாப்பிட்டோம் என்றே தெரியாதவர் டாக்டரிடம் என்ன சொல்வார்? தயவுசெய்து அப்படி வாங்காதீர்கள். காய்ச்சலுக்கு வாங்கவே வாங்காதீர்கள். டெங்குவாக இருந்தால் வலி மாத்திரையால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

பழைய சீட்டோடு வருகிறவர்களிடம் பிரஷர் மாத்திரை அட்டையையும் காட்டச் சொல்கிறேன். கடைசியாக எப்போது கிரியாட்டினின் பார்த்தீர்கள் என்று கேட்கிறேன். மலம் தார் மாதிரி கறுத்தாலோ, சிறுநீர் குறைந்து கால் வீங்கினாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறேன். முட்டிக்கு மட்டும் வலி என்றால் டைக்ளோஃபெனாக் ஜெல் ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையைவிட மிகக் குறைவாகவே அது ரத்தத்தில் கலக்கும்.