கிளை தாங்குமா என்று பார்க்கும் குரங்கு

ஆங்கிலத்தில் 'கிளாம்பர்' என்றொரு வினைச்சொல் உண்டு. கையையும் காலையும் போட்டு, கிடைத்த பிடியைப் பற்றிக்கொண்டு, தட்டுத்தடுமாறி ஏறுவது. ஏறுவதைக் குறிக்கும் 'கிளைம்ப்' என்ற சொல்லின் பழைய இறந்தகால வடிவத்தோடு, திரும்பத் திரும்பச் செய்வதைக் காட்டும் 'அர்' விகுதி சேர்ந்து பிறந்திருக்கலாம் என்கிறார்கள் அகராதிக்காரர்கள்.

உயிரியலாளர்கள் இந்தச் சொல்லை ஒராங்குட்டான் என்னும் மனிதக் குரங்கின் நடமாட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள். அந்தத் தடுமாற்றத்துக்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பதுதான் அழகு.

வளர்ந்த ஆண் ஒராங்குட்டான் 80 கிலோவைத் தாண்டும். மரத்திலேயே வாழும் பாலூட்டிகளில் இதைவிடப் பெரியது கிடையாது. சின்னக் குரங்கு ஓடினால் கிளை லேசாக ஆடும், அவ்வளவுதான். இது கால் வைத்தாலோ கிளை வளையும், அடுத்த கிளைக்கான தூரமே மாறிவிடும். அதனால் அது தாவுவது அபூர்வம். ஒரு கை மேலே கொம்பில், மறு கை பக்கத்துக் கொடியில், கால்விரல்கள் கீழ்க்கிளையில் என்று எடையைப் பிரித்துப் போடும். புதுப் பிடி தாங்கும் என்று தெரிந்த பிறகே பழைய பிடியை விடும்.

இடைவெளி பெரிதாக இருந்தால் இன்னொரு வழி. மெல்லிய மரத்தின் உச்சியில் தொங்கி, தன் எடையாலேயே அதை முன்னும் பின்னும் ஆட்டி, எதிர் மரம் கைக்கு எட்டியதும் பற்றிக்கொள்ளும். சூசன்னா தோர்ப் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, இதற்கு ஆகும் ஆற்றல் தாவுவதற்கு ஆவதில் பாதிகூட இல்லை. கீழே இறங்கி நடந்து மறுபடி ஏறுவதோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

இங்கிருந்துதான் ஆய்வாளர்கள் டேனியல் பொவினெல்லியும் ஜான் கான்ட்டும் 1995இல் ஒரு துணிச்சலான கருதுகோளை முன்வைத்தார்கள். கிளை வளைவதற்குத் தன் உடலே காரணம் என்று புரிந்தால்தான் அடுத்த அடியைத் திட்டமிட முடியும். ஆக, 'நான்' என்ற உணர்வு மனிதக் குரங்குகளின் பெருத்த உடல்கொண்ட மூதாதைகளிடம் இப்படித் தொற்றி ஏறும்போதே முளைத்திருக்கலாம் என்றார்கள். சிம்பன்சிகளும் ஒராங்குட்டான்களும் கண்ணாடியில் தங்களை அடையாளம் காண்கின்றன, பெரும்பாலான குரங்குகள் காண்பதில்லை. அதற்கும் இது ஒரு விளக்கம் ஆகிறது.

எனக்கு மிகவும் பிடித்த கருதுகோள் இது. ஆனாலும் முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. பிற்பாடு ஆசிய யானை ஒன்றும், மேக்பை பறவைகள் சிலவும் அதே கண்ணாடிச் சோதனையில் தேறின. யானை மரம் ஏறுவதில்லை. மேக்பைக்கோ இறக்கை இருக்கிறது. தன்னை அறிவதற்கு வேறு பாதைகளும் இருந்திருக்கின்றன என்றே தோன்றுகிறது.