நடைப்பிணம் என்ற சொல்லை விட்டுவிடுங்கள்

போன மாதம் ஒரு திரையிடலுக்குப் போயிருந்தேன். லூச்சோ ஃபுல்சி இயக்கிய 'ஜோம்பி 2', 1979இல் வந்த இத்தாலியப் படம். வாசலில் கொடுத்த தாளில் 'நடைப்பிணம்: இரண்டாம் பாகம்' என்று அச்சிட்டிருந்தார்கள். செத்த பிறகு எழுந்து வந்து மனிதரைக் கடிக்கும் ஜோம்பிக்குத்தான் இந்தப் பெயர். அறிமுகம் செய்து பேசியவரும் மூச்சுக்கு ஒருமுறை நடைப்பிணங்கள், நடைப்பிணங்கள் என்றார். துணைவசனங்களிலும் யூடியூபில் படக்கதை சொல்பவர்களிடமும் இதே சொல்லைக் கேட்டுப் பொறுத்துக்கொண்டே வந்தவன் நான். இனி எழுதாமல் இருக்க முடியாது.

ஜோம்பி என்ற சொல்லின் பிறப்பை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவின் கொங்கோ மொழியில் 'ந்சாம்பி' என்றால் கடவுள். 'சும்பி' என்றால் மந்திர சக்தி ஏற்றப்பட்ட பொருள். இப்படிப்பட்ட சொற்களிலிருந்து கிளைத்தது என்றே அகராதிகள் காட்டுகின்றன. அடிமைக் கப்பல்களோடு கரீபியன் தீவுகளுக்குப் போய், ஹைத்தியின் கிரியோல் மொழியில் 'ஜோன்பி' ஆயிற்று. ஹைத்தியர் சொல்லும் ஜோன்பி யாரையும் கடிக்காது. மந்திரவாதி ஒருவன் செத்தவனை எழுப்பி, சொந்தப் புத்தி இல்லாத கூலியாக்கி வேலை வாங்குவான். கரும்புத் தோட்டத்தில் அடிமையாகக் கிடந்து மாண்ட மக்களுக்கு, செத்த பிறகும் விடுதலை இல்லை என்பதைவிடப் பெரிய பயம் எது? அமெரிக்கர்களுக்கு இந்தச் சொல்லைப் பரப்பியது 1929இல் வந்த வில்லியம் சீபுரூக்கின் பயண நூல். 1932இல் அது ஹாலிவுட் படத் தலைப்பிலும் ஏறிவிட்டது.

மனிதரைத் தின்னும் பிணக்கூட்டத்தைத் திரையில் நிலைநிறுத்தியவர் ஜார்ஜ் ரொமேரோ. 1968இல் வந்த அவருடைய முதல் படத்தில் ஜோம்பி என்ற சொல்லே கிடையாது. அவருடைய 1978ஆம் ஆண்டுப் படம் இத்தாலியில் 'ஜோம்பி' என்ற பெயரில் வெளியானது. அந்தப் பெயரின் ஓட்டத்தைப் பிடித்துக்கொள்ளத்தான் ஃபுல்சி படத்துக்கு 2 என்ற எண்ணை ஒட்டினார்கள். கதையில் ஒரு தொடர்பும் இல்லை. ஆக, 'இரண்டாம் பாகம்' என்பதே தவறு. தலைப்பைப் பெயர்த்தவர் இதைக்கூட விசாரிக்கவில்லை.

சரி, நடைப்பிணத்துக்கு வருகிறேன். இது நம்மிடம் ஏற்கெனவே நல்ல உயிரோடு இருக்கும் சொல். உயிர் இருந்தும் வாழ்வு போன மனிதரைக் குறிக்கும் சொல். பெரியப்பா இறந்து ஒரு வருடம் கழித்து ஊருக்குப் போனபோது, பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்தபடி, "நடைப்பிணமாத்தான் இருக்கேன்டா" என்றார். சாப்பிட்டார், விளக்கேற்றினார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். எல்லாம் நடந்தது, அவர்தான் அதில் இல்லை. அந்த நிலைக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. உயிரோடு இருப்பவர் பிணம்போல ஆவது நடைப்பிணம். பிணமாகவே இருப்பது எழுந்து வருவது ஜோம்பி. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் சொல்லை, கழுத்தைக் கடிக்கும் அழுகல் உடம்புக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டால், அப்புறம் அந்தத் தாய்க்கு எந்தச் சொல் மிஞ்சும்?

ஹைத்தியின் ஜோன்பியாவது நடைப்பிணத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது, அது புத்தி பறிக்கப்பட்ட மனித உடம்பு என்பதால். இதை ஒத்துக்கொள்கிறேன். ஃபுல்சி படத்திலும் ஹைத்தியின் சாயல் உண்டு. கதையின் பெரும்பகுதி மட்டுல் என்ற கற்பனைக் கரீபியத் தீவில் நடக்கிறது. தீவுக் காட்சிகள் எடுக்கப்பட்ட சாந்தோ டொமிங்கோவோ, ஹைத்தியும் பங்குபோட்டுக்கொண்ட அதே தீவில் இருக்கிறது. எங்கிருந்தோ முரசொலி கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தப் படம் இத்தனை ஆண்டுகள் கழித்தும் நம்மைப் பிடித்து உட்காரவைப்பது சாயலால் இல்லை, மண்ணால். பழைய ஸ்பானியப் படைவீரர்களைப் புதைத்த இடத்தில் நால்வர் களைத்துப் படுத்திருக்கிறார்கள். தரை மெல்ல விம்முகிறது. கை வருகிறது, பிறகு தலை. கண்குழியில் புழுக்கள் நெளிகின்றன. எதிரே இருக்கும் பெண் ஓடவில்லை, நமக்கும் கால் வராது. ஜானெட்டோ டி ரோஸ்ஸியின் ஒப்பனையில் அந்த முகம் சுட்ட களிமண் வெடித்ததுபோல இருக்கும். ஃபாபியோ ஃப்ரிட்ஸியின் இசை அவசரமே படாமல் அடி அடியாக வரும். அச்சம் முழுவதும் பிணம் எழுவதில் இருக்கிறது. நடப்பது பிறகுதான். எழுவதைச் சொல்லாத ஒரு பெயர் இந்தப் படத்துக்கு எப்படிப் பொருந்தும்?

மற்றப் பெயர்ப்புகளும் தேறவில்லை. 'பேய்' என்று எழுதுகிறார்கள். தோற்றத்தை மட்டும் பார்த்தால், 'கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டுகண் வெண்பற் குழிவயிற்று' என்று காரைக்கால் அம்மையார் காட்டும் பெண்பேய் இந்தக் கூட்டத்தில் நிற்கலாம். ஆனால் இந்தப் படத்தில் கடலுக்கடியில் ஒரு பிணம் சுறாவோடு மல்லுக்கட்டுகிறது, சுறா அதன் கையைக் கடித்துப் பிய்க்கிறது. நம் ஊர்ப் பேச்சில் பேய்க்குக் காலே தரையில் பாவாது. அதன் கையைச் சுறா எப்படிப் பிய்க்கும்? ஜோம்பிக்கு உடம்பு உண்டு, அதைத் தலையில் சுட்டு வீழ்த்தலாம்.

'பிணந்தின்னி' என்பது இன்னும் மோசம். பிணத்தைத் தின்பது பிணந்தின்னி, அது கழுகுக்குப் பொருந்தும். இங்கே பிணம்தான் உயிருள்ளவரைத் தின்கிறது. 'உயிர்த்தெழுந்தவர்கள்' என்று ஒரு துணைவசனத்தில் பார்த்துத் திகைத்தேன். உயிர்ப்பு ஞாயிறு கொண்டாடும் ஒருவர் அதைப் படித்தால் மனம் நோகாதா? அதோடு பொருளும் தவறு, இவற்றுக்கு உயிர் வரவேயில்லை.

வேதாளம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்கு முருங்கை மரத்தில் தொங்கும் பிணமும் அதற்குள் புகுந்த வேதாளமும் மறக்காது. ஆனால் வேதாளம் கதை சொல்லும், கேள்வி கேட்கும், பதிலில் நியாயம் பார்க்கும். பிணம் அதற்கு வெறும் சட்டை. ஃபுல்சியின் பிணத்துக்குள் குடியிருப்பவர் யாருமில்லை, பசி மட்டும் இருக்கிறது.

ஒலிபெயர்ப்பே போதும் என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஜாம்பி என்றாலும் ஜோம்பி என்றாலும் புரிகிறது. கிரந்த எழுத்தை நீக்கிச் 'சோம்பி' என்று எழுதும் தூய்மைவாதிகளோடுதான் சண்டை. 'சோம்பித் திரியேல்' என்று ஆத்திசூடி படித்த கண்ணுக்கு அது வேலை செய்யாமல் திரிபவனைத்தான் காட்டும். எழுத்து தமிழாகி, பொருள் கெட்டுப்போனால் அது என்ன தமிழ்ப்பற்று? மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள குறையும் இதுதான். ஆங்கிலச் சொல்லின் இடத்தில் ஒரு தமிழ்ச்சொல்லை வைத்ததும் வேலை முடிந்தது என்று நகர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

நான் முன்வைப்பது 'எழுபிணம்'. வினைத்தொகை. எழுந்த பிணம், எழுகின்ற பிணம், எழும் பிணம் என்று முக்காலத்துக்கும் நிற்கும். பிணம் பிணமாகவே இருக்கிறது, உயிர் வந்ததாகச் சொல்லவில்லை. எழுவது முன்னால் நிற்கிறது. படத்தின் முடிவில் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தின் மேல் அவை வரிசையாக நகர்ந்து போகும்போது, 'எழுபிணங்கள் நகருக்குள் வந்துவிட்டன' என்று எழுதிப் பாருங்கள், சரியாக உட்காருகிறது.

நண்பர் ஒருவர் நல்ல மறுப்பு ஒன்று சொன்னார். 'எழுபிறப்பும் தீயவை தீண்டா' என்ற குறளில் எழு என்பது ஏழு ஆயிற்றே, எழுபிணம் என்றால் ஏழு பிணம் என்று படிக்க மாட்டார்களா என்றார். ஒரு நாள் முழுக்க அதை யோசித்தேன். எழுஞாயிறு என்று படித்துவிட்டு யாரும் ஏழு சூரியனைத் தேடுவதில்லையே என்று மறுநாள் அவரிடம் சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டார். அடுத்த திரையிடலுக்குத் தாள் அச்சிடும்போது 'எழுபிணம்' என்று போடச் சொல்லி அமைப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். 'இரண்டாம் பாகம்' என்பதை எடுத்துவிடவும் கேட்டிருக்கிறேன்.