பட்ஜெட் விமானம்: மலிவா, சிக்கனமா?

கடலூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் கிளம்புகிறவரைக் கேட்டால், "பட்ஜெட் ஃபிளைட்லதான் டிக்கெட் போட்டிருக்கேன்" என்பார். பட்ஜெட் வீடு, பட்ஜெட் ஓட்டல் என்று எதற்கு முன்னாலும் இந்தச் சொல் வந்து ஒட்டிக்கொள்கிறது. குறைந்த விலைக்குக் கிடைப்பது என்று அர்த்தம். புதுச்சேரி சட்டப்பேரவையில் பட்ஜெட் என்றாலோ அது வரவு செலவுத் திட்டம். சொல் ஒன்றுதான், இரண்டு பொருளும் ஒரு தோல் பையிலிருந்து வந்தவை.

லத்தீனில் 'புல்கா' என்றால் தோல் பை. இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த கால் (Gaul) இனத்தாரின் மொழியிலிருந்து லத்தீனுக்கு வந்த சொல் அது. பழைய பிரெஞ்சில் அது 'பூஜ்' ஆனது. சின்னப் பை 'பூஜெத்'. கடல் தாண்டி இங்கிலாந்து போனதும் 'பட்ஜெட்' ஆகிவிட்டது. அங்கே நிதியமைச்சர் ஆண்டுக் கணக்கை அறிவிப்பதைப் 'பையைத் திறப்பது' என்று சொல்லத் தொடங்கினார்கள். 1733-இல் நிதியமைச்சராக இருந்த ராபர்ட் வால்போலின் வரித் திட்டத்தை எதிர்த்து வந்த ஒரு துண்டு நூலின் தலைப்பிலேயே இந்தப் பேச்சு இருக்கிறது. நாளடைவில் பை மறைந்து, உள்ளே இருந்த கணக்குக்கே அந்தப் பெயர் நின்றது. 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பழைய சொல்லை ஆங்கிலத்திலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆக, பிரெஞ்சு ஆட்சி நடந்த புதுச்சேரியிலும் ஆங்கிலேயர் கையில் இருந்த கடலூரிலும் அரசுக் கணக்குக்கு ஒரே சொல்தான். உச்சரிப்பு மட்டும் வேறு.

'நம் கணக்குக்குள் அடங்குவது' என்ற பொருள் 20-ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. விமானத்தோடு ஒட்டியது அந்தப் பொருள்தான்.

விமானத் துறைக்குள் இருப்பவர்கள் பட்ஜெட் என்பதைவிட 'லோ காஸ்ட்' என்றே அதிகம் சொல்வார்கள். குறைவது யாருடைய செலவு என்பதைக் கவனிக்க வேண்டும். அது நிறுவனத்தின் செலவு. அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் நிறுவனம் 1971-இல் டெக்சாஸ் மாநிலத்துக்குள் பறக்கத் தொடங்கி, போயிங் 737 என்ற ஒரே வகையை நம்பி வளர்ந்தது. ஒரே வகை விமானம் என்றால் விமானிகளின் பயிற்சியும் உதிரி பாகங்களும் ஒரே வகையோடு முடிந்துவிடும். இறங்கிய விமானம் அரை மணி நேரத்துக்குள் மறுபடி கிளம்பும். தரையில் நிற்கும் விமானம் சம்பாதிக்காது. இந்த வழியில் பின்னால் வந்த பல நிறுவனங்களில் சாப்பாடு, இருக்கைத் தேர்வு, கூடுதல் பெட்டி எல்லாவற்றுக்கும் தனிக் காசு. இந்தியாவில் இந்த வழியை 2003-இல் திறந்தது கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான்.

நம் செய்தித்தாள்கள் இதை 'மலிவு விலை விமானம்' என்று எழுதுகின்றன. எனக்கு இது உறுத்துகிறது. விமானத்தையே மலிவு விலைக்கு விற்பது போல ஒலிக்கிறது. டிக்கெட்டுக்கு நாம் கொடுப்பது கட்டணம். அதோடு, நிறுவனம் தன் செலவை இறுக்குவதும் பயணிக்குக் கட்டணம் குறைவதும் வேறு வேறு விஷயங்கள்.

முதலாவதற்குச் சிக்கனம் என்ற நல்ல சொல் இருக்கிறது. சிக்கென என்றால் இறுக்கமாக, உறுதியாக; சிக்கனம் அதன் உறவு. கையை இறுக்கிச் செலவு செய்வதைத்தான் அது குறிக்கிறது. அதனால் 'சிக்கன விமான நிறுவனம்' என்றால் அந்தத் தொழில்முறையே பெயரில் வந்துவிடுகிறது.

மலிவு வேறு வேர். மலிதல் என்றால் நிறைதல், மிகுதல். சந்தையில் சரக்கு மலிந்தால் விலை இறங்கும். மிகுதியைச் சொன்ன சொல் அப்படித்தான் குறைந்த விலையைச் சொல்ல வந்தது. போட்டியைப் பற்றி இதைவிடச் சரியாக ஒரு சொல் பேச முடியுமா? சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் 2006-இல் சிக்கன நிறுவனங்களுக்கென்றே 'பட்ஜெட் டெர்மினல்' என்று ஒரு முனையம் திறந்தது. அதே ஆண்டு கோலாலம்பூரும் தனி முனையம் கட்டியது. சாங்கி முனையம் 2012-இல் மூடப்பட்டு, அந்த இடத்தில் இப்போது நான்காவது முனையம் நிற்கிறது. போட்டி மட்டும் போகவில்லை. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட்டும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் ஒரே பயணியைத் தேடுகின்றன. இருக்கைகள் மலிகின்றன, அப்புறம் கட்டணம் மலிகிறது.

இப்போது புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாசுப்பேட்டைக்கு வருவோம். புதுச்சேரி ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் இறங்க முடியாது, ஏடிஆர் போன்ற புரொப்பல்லர் விமானங்கள்தான். ஸ்பைஸ்ஜெட் வந்தது, போனது, மறுபடி வந்தது, போனது. 2024 டிசம்பரில் இண்டிகோ பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் தொடங்கியபோது எதிரில் போட்டியே இல்லை. இந்த இரண்டும் சிக்கன நிறுவனங்கள்தான். ஆனால் மலிவு என்பது பலர் மோதும் இடத்தில் பிறப்பது. ஒருவரே நிற்கும் இடத்தில் கட்டணம் இறங்குவதற்கு என்ன அவசியம் இருக்கிறது? சிக்கனம், மலிவு இரண்டையும் ஒரே 'பட்ஜெட்' மூடிவிடுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

கூடவே, பயணிகள் இறங்கி வேறு விமானம் மாறும் பெரிய விமான நிலையத்தைக் குறிக்கும் 'ஹப்' என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். அதன் நேர்ப்பொருள் சக்கரத்தின் நடுப்பாகம். நம் மாட்டுவண்டிச் சக்கரத்தில் அதற்குப் பெயர் குடம். அதிலிருந்துதான் ஆரக்கால்கள் புறப்படும். ஆனால் 'குட விமான நிலையம்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. விழுப்புரம் சந்திப்பில் இறங்கி வண்டி மாறிப் பழகிய நமக்குச் 'சந்திப்பு விமான நிலையம்' உடனே பிடிபடும். ஆகவே இப்படி எழுதலாம்: "சிங்கப்பூர் சந்திப்பு விமான நிலையத்தில் சிக்கன விமான நிறுவனங்கள் போட்டி, கட்டணம் மலிந்தது."