தூஷணம் பேசினால் எந்தச் சட்டம்?

திருகோணமலைச் சந்தையில் வியாபாரி ஒருவர், வெண்டிக்காய்க் கூடையில் வாய் வைத்த மானைத் தூஷணத்தால் விரட்டியதை ஒருமுறை பார்த்தேன். மானுக்கு உறைக்கவில்லை. பக்கத்தில் சீருடையோடு நின்ற பிள்ளையின் காதைத் தாய் பொத்தினார். ஏசப்பட்டது மான்தான், ஆனாலும் அந்தத் தாய் முறைப்பாடு செய்ய இடமிருக்கிறது.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 287ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது: பொது இடத்திலோ அதன் அருகிலோ, பிறருக்குத் தொல்லையாகும்படி ஆபாசமான பாட்டையோ கதைப்பாடலையோ சொல்லையோ பாடினால், ஒப்புவித்தால், உச்சரித்தால், 3 மாதம் வரை சிறை அல்லது தண்டப்பணம் அல்லது இரண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து 1883இல் எழுதிய கோவை இது. பஸ் நிலையத்தில் நின்று கதைப்பாடல் பாடுகிறவரை இன்று எங்கே தேடுவது?

ஆபாசம் எது என்று கோவை வரையறுக்கவில்லை. அதனால் ‘பிறருக்குத் தொல்லை’ என்ற சொற்கள்தான் இங்கே எடை கூடியவை. கெட்ட வார்த்தை வாயில் வந்தது மட்டும் போதாது. கேட்டவர் ஒருவருக்காவது அது தொல்லையாக இருந்திருக்க வேண்டும்.

முகத்துக்கு நேரே ஏசி, கைகலப்புக்கு இழுக்கிற கதை வேறு. வேண்டுமென்றே அவமதித்து அமைதியைக் குலைக்கத் தூண்டுவது 484ஆம் பிரிவு. 2 வருடம் வரை சிறை உண்டு.

பெண்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது 345ஆம் பிரிவு. 1995ஆம் ஆண்டின் திருத்தத்தால் வந்தது. கை படாவிட்டாலும், சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு கொடுப்பதே குற்றம். 5 வருடம் வரை சிறை, தண்டப்பணம், நட்டஈடும் கட்ட நேரலாம். கந்தளாய் பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து வருகிற பேச்சுக்கு, கதைப்பாடல் காலத்துப் பிரிவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், 345ஆம் பிரிவின் கீழ் பதியச் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

பொலிஸ் நிலையத்தில் தமிழிலேயே முறைப்பாடு கொடுக்கலாம். அரசியலமைப்பின்படி கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி. ‘தகாத வார்த்தையால் ஏசினார்’ என்று மட்டும் எழுதினால் வழக்கு நொண்டும். எந்த இடம், எத்தனை மணி, யார் கேட்டார்கள், என்ன சொல் என்பதெல்லாம் வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கையெழுத்து வைக்கும் முன், அந்தச் சொல் மாறாமல் பதிவாகியிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள்.