தட்டில் செத்த வைரஸும் தினம் குடிக்கும் நீலச் சொட்டும்

கை கால் உதற, காய்ச்சல் கொதிக்க, மனம் குழம்பிய நிலையில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறார் என்று மட்டும் சொன்னார்கள். சிறுநீர் நீலப்பச்சையாகப் போனதைப் பார்த்துத் துருவிக் கேட்டபோதுதான் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தின் கதை வெளியே வந்தது. வைரஸ் அண்டாமலிருக்கத் தினமும் சில சொட்டுகளாம். இப்படி வந்தவர்களில் இவர் முதல் ஆளும் இல்லை.

"ஆய்வகத்தில் வைரஸைக் கொன்றிருக்கிறதே டாக்டர்!" எல்லோரும் சொல்வது இதைத்தான். உண்மைதான், கொன்றது. எங்கே கொன்றது என்று கேளுங்கள். இத்தகைய சோதனைகளில் பெரும்பாலும் பயன்படுவது வீரோ செல்கள், அதாவது குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்தவை. ஆய்வகத் தட்டில் வளரும் அந்தச் செல்கள் மேலேயே சாயம் ஊற்றப்படுகிறது. அந்தத் தட்டில் கல்லீரல் இல்லை, ரத்த ஓட்டம் இல்லை, மருந்தை வெளியேற்றச் சிறுநீரகமும் இல்லை. நீங்கள் விழுங்கும் சொட்டு நுரையீரலில் அதே செறிவுக்கு எட்டுமா, எட்டினாலும் உங்கள் செல்களை விட்டுவைக்குமா? தட்டு இதற்குப் பதில் சொல்லாது.

மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் தட்டில் கொரோனா வைரஸை அடக்கியது. 2020இல் ரெகவரி என்ற பிரிட்டன் மருத்துவ ஆய்வில் 1,561 கோவிட் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு குறையவே இல்லை.

மெத்திலீன் புளூ நிஜமாகவே வைரஸை ஒழிக்கும் இடம் ஒன்று உண்டு: தானமாகப் பெற்ற பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதி. அதுவும் உடலுக்கு வெளியே, பைக்குள், ஒளி பாய்ச்சி. ஏற்றுவதற்கு முன் சாயத்தின் பெரும்பகுதியை வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். நோயாளிக்கு நாங்களும் இதைக் கொடுப்பதுண்டு, ரத்தத்தில் மெத்தெமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்க முடியாத ஹீமோகுளோபின்) ஏறும்போது: கிலோ எடைக்கு 1 முதல் 2 மில்லிகிராம், சிரை வழியாக, கண்காணிப்போடு. அளவு மீறினால் அதுவே மெத்தெமோகுளோபினை ஏற்றிவிடும்.

மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. செரோடோனின் என்ற நரம்பு ரசாயனம் எகிறி உயிருக்கே ஆபத்தாகும், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011லேயே எச்சரித்துவிட்டது. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அந்த அணுக்கள் உடையும். கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம். மீன்தொட்டிக்கு விற்கும் மெத்திலீன் புளூ பாட்டில் மனிதருக்கான மருந்தே அல்ல.

ஏற்கெனவே குடித்திருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். ரத்தத்தில் இந்தச் சாயம் இருந்தால் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஆக்சிஜனைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அந்த எண்ணை நம்பி நாங்கள் தவறான பக்கம் ஓடுவோம். பாட்டிலைக் கையோடு கொண்டு வாருங்கள், திட்ட மாட்டேன்.